மெல்லிய ஷூவில் ஓடிப் பழகுவது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெறுங்கால் ஓட்டம் என்று டெல்டாவில் யாரிடமாவது பேச்செடுத்தால் முதலில் சிரிப்புதான் வரும். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வீடு முழுக்க வெறுங்காலில் நடக்கிறவர்கள் நாம். கோயில் பிரகாரம், களத்துமேடு, நாற்றங்கால், படித்துறை எல்லாமே வெறுங்கால்தான். ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்துபோகிறவர்களில் பலர் காலில் ஒன்றும் போடுவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் வெறுங்கால் மாதிரியே இருக்கிற ஷூவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பானேன் என்று கேட்பார்கள்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடப்பது வேறு, ஓடுவது வேறு. காலம் முழுக்க வெறுங்காலில் நடந்தவருக்கு உள்ளங்கால் தோல் தடித்துத் தயாராக இருக்கும். ஓடும்போது சுமையை வாங்கும் கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்புகளும் அப்படித் தயாராக இருக்காது. இந்த ஷூவை வாங்கிப் பத்து நாளில் நொண்டுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் ஷூவைவிடப் பொறுமையைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

இது என்ன ஷூ?

சாதாரண ஓட்ட ஷூவில் குதிகாலுக்கு அடியில் தடித்த மெத்தை இருக்கும். முன்பாதத்தைவிடக் குதிகால் 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்து நிற்கும். இந்த உயர வித்தியாசத்தைத்தான் ‘டிராப்’ என்கிறார்கள். மெல்லிய ஷூவில் அது பூஜ்யம் அல்லது பூஜ்யத்துக்குப் பக்கம். சோல் மெலிசு, கையால் சுருட்டிவிடலாம். முன்பக்கம் அகலமாக இருப்பதால் விரல்கள் விரிய இடமிருக்கும். பாதவளைவைத் தாங்கிப் பிடிக்கும் மேடு, குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் கெட்டியான கிண்ணம் எதுவும் கிடையாது.

விப்ரம் நிறுவனத்தின் ஐந்து விரல் ஷூ இதில் ரொம்பப் பிரபலம். அதைப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் போனால் “ஏந்தம்பி, கால்ல என்ன கையுறையா?” என்று ஒரு பெரியவராவது நிறுத்திக் கேட்பார். சீரோ ஷூஸ், விவோபேர்ஃபுட், மெரல் வேப்பர் கிளவ் ஆகியவை வெளியிலிருந்து பார்க்க சாதாரண ஷூ போலவே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வெறுங்காலில் ஓடுவதே பெரிய அதிசயம் என்று நினைக்க வேண்டாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா காலில் ஒன்றுமில்லாமல் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அதே பிகிலா 1964 டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெக்சிகோ மலைகளில் வாழும் தாராஹுமாரா மக்கள் பழைய டயரை வெட்டிச் செய்த செருப்பில் நெடுந்தூரம் ஓடுகிறார்கள். டயர் செருப்பு நமக்கும் புதிதில்லையே.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

2010-இல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுகிறார்கள். குதிகாலால் இடித்து இறங்கும்போது வரும் திடீர் மோதல் அவர்களுக்குக் குறைவு என்று அது காட்டியது. அதற்கப்புறம்தான் இந்த ஷூக்களுக்கு அலை அடித்தது. ‘காயமே வராது’ என்கிற வரைக்கும் பேச்சு போனது. அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எங்கே என்று அமெரிக்காவில் விப்ரம் மீது வழக்குப் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 37.5 லட்சம் டாலருக்கு 2014-இல் அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

உள்ளது இதுதான்: சுமை குறைவதில்லை, இடம் மாறுகிறது. முழங்காலுக்குப் போவதில் ஒரு பங்கு கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் போகிறது. முழங்கால் முன்பக்கம் வலிக்கிறவருக்கு இது நல்லதாக அமையலாம். குதிநாண் வலி உள்ளவருக்கு வினையாகலாம். 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பத்து வாரத்தில் ஐந்து விரல் ஷூவுக்கு மாறிய ஓட்டக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோத்திருந்தது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. எலும்பு முறிவுக்கு முந்தைய எச்சரிக்கை அது. பத்து வாரம் என்பது அவ்வளவு அவசரமான கணக்கும் இல்லை, அதுவே போதவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. எப்படிக் கால் வைக்கிறோம் என்பது உடனே தெரிகிறது. மெத்தை எதையும் மறைக்காது. தப்பாக ஊன்றினால் அந்த அடியிலேயே காதில் கேட்கும்.

யார் தள்ளி நிற்க வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ளவர்கள், முக்கியமாக உள்ளங்காலில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. முள் குத்தினது தெரியாமலேயே ஒரு வாரம் போய்விடும், அது புண்ணாகும். பாத எலும்பில் முன்பு விரிசல் வந்தவர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், குதிநாண் வலி இன்னும் ஆறாதவர்களுக்கும் இதே பேச்சு. உடல் எடை அதிகம் இருந்தால் தடையில்லை, ஆனால் நடையிலேயே இரண்டு மூன்று மாதம் கழியட்டும்.

முதல் வேலை: ஷூவைத் தேர்ந்தெடுப்பது

சாயங்காலம் வாங்கப் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அதற்கு முன் வீட்டில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நின்று, வேறொருவரை விட்டுப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். நாமே குனிந்து போட்டால் எடை ஒருபக்கம் சாய்ந்து அளவு தப்பும். இரண்டு காலுக்கும் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் ஷூவுக்குள் இருக்கும் அட்டையை உருவி அதன்மேல் இந்தத் தாளை வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் தாள் வெளியே நீண்டால் அந்த ஷூ வேண்டாம். அட்டை இல்லாத ஷூவானால் போட்டுப் பார்த்துத்தான் தெரியும்: நின்றபடி ஐந்து விரலையும் விரிக்க முடிகிறதா, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் மூன்று சோதனை. முன்பக்கத்தைப் பிடித்து மடக்கினால் மடங்க வேண்டும். துணி பிழிவதுபோல முறுக்கினால் முறுக வேண்டும். தரையில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்.

சோல் எவ்வளவு மெலிசு? 3 மில்லிமீட்டர் சோலைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது தார்ச்சாலையில் சரி, நம்மூர்க் கரையில் சீமைக்கருவேல முள் நேராக உள்ளே வந்துவிடும். முதல் ஷூவுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விரல் ஷூவை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம். சுண்டுவிரலை அதற்குரிய பைக்குள் நுழைப்பதற்கே பழக்கம் வேண்டும், விடிகாலை இருட்டில் அது ஒரு பாடு.

விலை உறுத்தினால் பள்ளிக்கூடத்து வெள்ளை கான்வாஸ் ஷூவைப் பாருங்கள். சில நூறு ரூபாய்தான். சோல் தட்டை, மடங்கும், மெத்தையென்று பெரிதாக ஒன்றுமில்லை. மெல்லிய ஷூவின் குணங்களில் பாதி அதில் இருக்கிறது. முன்பக்கம் குறுகல் என்பதுதான் குறை, ஓர் அளவு பெரிதாக வாங்கி லேஸை நடுவில் இறுக்கிக்கொண்டால் சமாளிக்கலாம். இந்த வழி ஒத்துவருமா என்று பார்க்க அதுவே போதும்.

முதல் மூன்று வாரம்: ஓடாதீர்கள்

யாரும் கேட்காத பகுதி இது. ஷூ கையில் வந்ததும் ஓடிப் பார்க்கத்தான் தோன்றும். மூன்று வாரம் அதைப் போட்டுக்கொண்டு நடங்கள். கடைக்கு, பேருந்து நிறுத்தத்துக்கு, காலையில் அரை மணி நேரம் ஆற்றங்கரைப் பக்கம் என்று எங்கே வேண்டுமானாலும்.

இதோடு வாசற்படியில் ஒரு பயிற்சி. முன்பாதம் மட்டும் படியில் இருக்க, குதிகால் வெளியே தொங்க நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குதிகாலை உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குங்கள். பதினைந்து தடவை, இரண்டு சுற்று. இரண்டு காலிலும் சுலபமாக வந்தபின் ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் இருபது தடவை குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்க முடியாதவர் ஓட்டத்தை இன்னும் தள்ளிப்போடலாம்.

இன்னொன்று குந்துவது. குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருக்கக் குந்தி உட்கார முடிகிறதா? களையெடுக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நாற்காலியிலும் பைக்கிலும் வாழ்க்கை போகிறவர்களுக்குக் குதிகால் தானாக எழும்பிவிடும். அப்படியானால் கெண்டைக்கால் சுருங்கியிருக்கிறது என்று பொருள். தூணையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு தினமும் இரண்டு நிமிடம் குந்திப் பழகுங்கள்.

நான்காவது வாரத்திலிருந்து

ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இதை ஐந்து முறை செய்தால் முடிந்தது. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது கெண்டைக்கால் பதில் சொல்லும்.

இரண்டு வாரம் இப்படிப் போய், மறுநாள் வலி என்று பெரிதாக இல்லையென்றால் இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை. அதற்குப் பின் வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தைக் கூட்டுங்கள். மூன்றாவது மாத முடிவில் நிற்காமல் பதினைந்து இருபது நிமிடம் வந்தால் நல்ல முன்னேற்றம். தசை சில வாரத்தில் பழகிவிடும், எலும்புக்கும் நாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். தசை தேறிவிட்ட தைரியத்தில் தூரத்தைக் கூட்டும்போதுதான் எலும்பு விட்டுக்கொடுக்கிறது.

ஏற்கெனவே ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். மூச்சு வாங்காது, அதனால் நிறுத்தத் தோன்றாது. வழக்கமான ஓட்டத்தின் முதல் சில நூறு மீட்டரை மட்டும் மெல்லிய ஷூவில் ஓடிவிட்டு, பைக்கில் வைத்திருக்கும் பழைய ஷூவுக்கு மாறிக்கொள்ளுங்கள். கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டாம், களைத்த காலில் ஊன்றுவது எல்லாம் தப்பாகத்தான் விழும்.

காலை எப்படி வைப்பது?

நிறையப் பேர் ‘முன்பாதத்தில் ஓட வேண்டும்’ என்று எங்கோ கேட்டுவிட்டுக் குதிகால் தரையில் படாமல் எக்கி எக்கி ஓடுகிறார்கள். குதிநாணுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. முன்பாதத்தின் வெளிப்பக்கம் மெல்லத் தொட, அடுத்த கணமே குதிகாலும் வந்து தரையை முத்தமிட்டுப் போகட்டும். அதற்கு எதையும் வலிந்து செய்ய வேண்டியதில்லை. எட்டு வைக்கும் நீளத்தைக் குறையுங்கள். கால் உடம்புக்கு முன்னால் நீண்டு விழாமல் இடுப்புக்குக் கீழேயே விழுந்தால் மற்றது தானாக நடக்கும்.

எண்ணிப் பார்க்க ஒரு வழி: அரை நிமிடத்தில் வலது கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 42 என்றால் நிமிடத்துக்கு 168 அடி. 160-க்குக் கீழே இருந்தால் எட்டு நீளம் என்று சந்தேகப்படலாம். 180 வந்தே தீர வேண்டும் என்று ஒரு சட்டம் பேசுவார்கள், அதைப் பொருட்படுத்த வேண்டாம். உயரம், வேகம் பொறுத்து மாறும்.

சத்தத்தைக் கேளுங்கள். வீட்டு மொசைக் தரையில் வெறுங்காலோடு நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடிப் பாருங்கள். குதிகாலால் இடித்தால் ‘தொம்’ என்று கேட்கும், பக்கத்து அறையில் இருப்பவர் என்னவென்று எட்டிப் பார்ப்பார். சத்தம் அடங்கும் வரை முழங்காலைத் தளர்த்தி, எட்டைக் குறைத்துப் பாருங்கள். ஷூவோடு ரோட்டில் ஓடும்போதும் அதே காதை வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் படுத்திருக்கும் நாய் தலையைத் தூக்காமல் இருந்தால் நன்றாக ஓடுகிறீர்கள்.

எந்தத் தரை, எந்த மாதம்?

மெத்தை ஷூக்காரருக்கு இந்தக் கேள்வி பெரிதில்லை. நமக்கு இதுதான் பாதி விஷயம்.

தொடக்கத்துக்கு மட்டமான, சுத்தமான, கெட்டித் தரை வேண்டும். கிராமத்துத் தார்ச்சாலையோ, விளையாட்டு மைதானத்தின் இறுகிய மண்ணோ போதும். தஞ்சாவூரில் இருப்பவர்களுக்கு அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசுப் பள்ளி மைதானம் விடிகாலையில் காலியாகத்தான் கிடக்கும். மெத்தென்று இருக்கிறதே என்று புல்லிலும் மணலிலும் தொடங்குவார்கள். புல்லுக்குள் நெருஞ்சி முள் தெரியாது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் கடற்கரைகளில் காய்ந்த மணலில் கால் புதையும், குதிகால் ஒவ்வொரு அடிக்கும் கீழே இறங்கி நாணை இழுக்கும். அலை வந்து போன ஈர மணல் கெட்டிதான், ஆனால் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாகப் போகாமல் பாதித் தூரம் போய்த் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகும்.

வாய்க்கால் கரை அழகானது, ஆனால் மாதத்துக்கு ஒரு முகம் காட்டும். சித்திரை, வைகாசியில் தூர்வாரி எடுத்த மண்ணைக் கரையில் கொட்டியிருப்பார்கள். அந்த மண்ணோடு ஆற்றுக்குள் கிடந்த பாட்டில் சில்லும் மேலே வந்திருக்கும், மெல்லிய சோலுக்கு அதுதான் முதல் எதிரி. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து வந்தபின் கரை கசிய ஆரம்பிக்கும். நம் களிமண் ஈரத்தில் சோலோடு ஒட்டிக்கொண்டு, அடிக்கு அடி கனத்து, கடைசியில் வழுக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரைப் பக்கமே போக வேண்டாம்.

வரப்பில் ஓடுவதைப் படத்தில் பார்க்க நன்றாக இருக்கும். நிஜத்தில் நண்டு வளையும் எலி வளையும் கணுக்காலை மடக்கிவிடும், போதாக்குறைக்குப் பாம்பு. இருட்டில் டார்ச் இல்லாமல் கரையிலும் வரப்பிலும் கால் வைக்காதீர்கள். எந்த ஷூவும் கண்ணாடி விரியனுக்குப் பதில் சொல்லாது.

குறுவை அறுப்புக் காலத்தில் சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். காயப்போட்ட நெல்லின்மேல் கால் வைத்தால் வழுக்கும், நெல்லுக்குச் சொந்தக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் நேரும். உழவு சமயத்தில் டிராக்டரின் கேஜ் வீலிலிருந்து உதிர்ந்த சேறு தார்ச்சாலையில் காய்ந்து கல்லாகக் கிடக்கும். சாதாரண ஷூவில் அது தெரியவே தெரியாது. மெல்லிய ஷூவில் பாதத்தின் நடுவில் ஒன்று பட்டால் கண்ணில் தண்ணீர் வரும்.

தொடங்க நல்ல காலம் பொங்கலுக்குப் பிறகு மாசி, பங்குனி வரை. கரை இறுகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது. கோடையில் ஏழரை மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறினால் தாரின் சூடு மெல்லிய சோலைத் தாண்டி உள்ளே வரும்.

சரி, வெறுங்காலிலேயே ஓடிவிட்டால் என்ன? கரையோரம் மலம் கழிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிற இடங்களில் ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாக உள்ளே போகும். வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் காலில் இருக்கும் சிறு வெட்டு வழியாக எலிக்காய்ச்சல் வரலாம். இந்த இரண்டுக்காகவாவது ஒரு சோல் நடுவில் இருக்கட்டும். டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்?

கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக வலித்து, இரண்டு நாளில் அடங்கினால் பயமில்லை. மூன்றாவது நாளும் இருந்தால் அடுத்த ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுருக்கென்றாலோ, குதிநாணை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் வலித்தாலோ, திரும்ப நடைக்கே போய்விடுங்கள்.

பாதத்தின் மேல்பக்கம் ஒரே ஒரு புள்ளியில், விரலால் அழுத்தினால் ‘இங்கேதான்’ என்று காட்டும்படி வலித்தால் அன்றோடு ஓட்டம் நிற்க வேண்டும். எலும்பு விரிசலாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற வைத்தியம் இதற்கு ஆகாது, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். அதனால் ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றதும் மறுநாளே ஓடக் கிளம்பாமல், வலி தொடர்ந்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

ஓடி வந்தபின்

காலைக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள். சாக்ஸ் இல்லாமல் இந்த ஷூவைப் போடுகிறவர்கள் அதிகம், நம்மூர் புழுக்கத்துக்குச் சேற்றுப்புண் வர அதுவே போதும். பருத்தியைவிடச் சீக்கிரம் காயும் மெல்லிய சாக்ஸ் நல்லது. ஐந்து விரல் ஷூவுக்கு விரல் பிரித்த சாக்ஸ் தனியாகக் கிடைக்கிறது. பித்தவெடிப்பு இருந்தால் இரவில் தேங்காயெண்ணெய் தடவி ஆற விடுங்கள், வெடிப்போடு ஓடினால் ஆழமாகும்.

சோலைத் திருப்பிப் பார்க்காமல் உள்ளே வைக்காதீர்கள். கருவேல முள் குத்தி வெளியே ஒடிந்துபோயிருக்கும், நுனி மட்டும் உள்பக்கம் மயிரளவு நீட்டிக்கொண்டிருக்கும். ஷூவுக்குள் கைவிட்டுக் கட்டைவிரலால் மெல்ல வருடிப் பார்த்தால் தட்டுப்படும். ஓர் ஊக்கு வைத்துக்கொண்டால் வெளிப்பக்கமாக நெம்பி எடுத்துவிடலாம். மழைக்காலத்தில் ஷூ நனைந்தால் செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்து, விசிறிக்கு நேராக வையுங்கள். அடுப்புப் பக்கமோ உச்சி வெயிலிலோ வைத்தால் ஒட்டுப் பசை விட்டுவிடும்.

பழைய மெத்தை ஷூவை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். ஓராண்டு போனபின்னும் நெடுந்தூரத்துக்கு அதையும், சின்ன ஓட்டத்துக்கு மெல்லியதையும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஓடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முழுக்க மாறியே ஆக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.